புயலுக்கு முன், புயலுக்குப் பின் – அந்த ‘முன்’ எது?

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் ஏதாவது ஒன்று சுழன்று கரையைத் தொட்டுவிட்டால் போதும், அடுத்த சில நாட்களில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஜோடிப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். இடது பக்கம் ‘முன்’, வலது பக்கம் ‘பின்’. இடது பக்கம் காய்ந்த தரை, வலது பக்கம் முழுக்க நீலம். கீழே சிவப்பு எழுத்தில், மாவட்டமே கடலுக்குள் போய்விட்ட மாதிரி ஒரு வரி. நாலைந்து பேராவது அதை எனக்கு அனுப்பி, “நீ இந்த மேப் வேலைதானே பார்க்கிறே, இது உண்மையா?” என்று கேட்பார்கள். படம் பெரும்பாலும் உண்மைதான். செயற்கைக்கோள் எடுத்ததுதான், யாரும் நீலம் அடித்துச் சேர்த்ததில்லை. ஆனால் இடது பக்கப் படத்தின் தேதியைத் தேடிப் பார்த்தால் அது வைகாசியாக இருக்கும். வைகாசியில் ராமநாதபுரத்தில் தண்ணீர் எங்கே இருக்கும்? கார்த்திகையில் கண்மாய் நிறைவதற்குத்தானே ஊரே வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது, அதையும் சேர்த்து வெள்ளக் கணக்கில் எழுதினால் எப்படி? பட்டினி கிடந்த ஆட்டை ஒருமுறை எடை போட்டு, தண்ணீர் குடித்து வந்ததும் இன்னொருமுறை போட்டு, ஒரே நாளில் கறி கூடிவிட்டது என்கிற கணக்கு அது.

என் பிழைப்பு இந்தப் படங்களை வைத்துத்தான். ஊர் கீழக்கரைக்கு மேற்கே, கடலோரம். பகலெல்லாம் ஒடிசா, அஸ்ஸாம், குஜராத் என்று யாருடைய வெள்ளத்தையாவது அளந்துகொண்டிருப்பேன், ராத்திரியானால் சொந்த ஊர்ப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்வது பழக்கமாகிவிட்டது. இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. எங்கள் கரையில் ‘பின்’ படம் எப்படியாவது கிடைத்துவிடும். கோளாறு எல்லாம் ‘முன்’ படத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வருகிறது. எந்தத் தேதியை முன் என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்து, அதே மழைக்குச் சேதம் பல மடங்கு என்றும் காட்டலாம், ஒன்றுமே நடக்கவில்லை என்றும் காட்டலாம். இரண்டுக்கும் படம் ஆதாரமாக நிற்கும்.

மலைநாட்டில் இந்தச் சிக்கல் குறைவு. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் சூரல்மலைப் பக்கம் மலை சரிந்ததே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம், சரிவு நடந்த மறுநாள் எடுத்த ரேடார் படத்தையும், 2023 மே மாதம் இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் எடுத்து வைத்திருந்த தெளிவான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்திருக்கிறது, சேறும் பாறையும் 8 கிலோமீட்டர் தூரம் ஆற்றோடு ஓடியிருக்கின்றன என்று வெளியிட்டது. முன் படம் ஒரு வருடத்துக்கு மேல் பழையது. அதனால் என்ன, காடு இருந்த சரிவில் அந்த ஒரு வருடமும் காடுதான் இருந்திருக்கும். திடீரென்று செம்மண் தழும்பு தெரிந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

எங்கள் சீமையில் எதுவும் அப்படி ஒரே மாதிரி இருப்பதில்லை. வாலிநோக்கம் உப்பளத்தைப் பாருங்கள், பாத்தி கட்டிக் கடல்நீர் ஏற்றினால் படத்தில் தண்ணீர், வெயில் ஏறி உப்பு விளைந்தால் வெள்ளைச் சதுரங்கள், ஐப்பசி மழை விழுந்தால் திரும்பத் தண்ணீர். கண்மாய் தையில் ஏரி, ஆனியில் கிரிக்கெட் மைதானம். வயல் நான்கு மாதம் பச்சை, மீதி எட்டு மாதம் புழுதி. வைகை கடைசியாக வந்து சேருகிற ராமநாதபுரம் பெரிய கண்மாயையே வறண்ட வருடத்தில் எடுத்த படத்தில் காட்டினால் வெளியூர்க்காரர் அது கண்மாய் என்று நம்ப மாட்டார். ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று சொல்வார்கள் இல்லையா, அதுவும் பாதி வருடம் நாரை நடந்தே கடக்கலாம். இந்த மாவட்டத்தில் நிலம் மாறிக்கொண்டே இருப்பதுதான் இயல்பு. மாற்றத்தைக் கண்டுபிடிக்கிற மென்பொருளை இங்கே கொண்டுவந்து விட்டால் அது வருடம் முழுக்க அலறிக்கொண்டே இருக்கும்.

சரி, படம் என்றால் என்ன அளவில் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேருக்கு சினிமா பார்த்து வந்த நம்பிக்கை இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அந்த 22 சென்டுக்குள் வீடு, கிணறு, நாலு பனை, ஒரு ஆட்டுக்கொட்டகை என்று எது இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே நிறம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 கொஞ்சம் தேவலை, 10 மீட்டர் புள்ளி, சுமார் இரண்டரை சென்ட். இரண்டு செயற்கைக்கோள் மாறி மாறிச் சுற்றுவதால் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வரும், காலை பத்தரை மணி வாக்கில். படகு, வலை, ஓடு பெயர்ந்த கூரை இதெல்லாம் வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கும் கீழே போகிற படம் வேண்டும், அது கார்ட்டோசாட் மாதிரி ஆட்களிடம் இருக்கும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். 2000-ல் தொடங்கிய பேரிடர்களுக்கான சர்வதேச சாசனம் ஒன்று உண்டு, இஸ்ரோ அதில் உறுப்பு. பெரிய பேரிடர் என்றால் உறுப்பாக இருக்கிற விண்வெளி நிறுவனங்கள் தங்கள் செயற்கைக்கோளை அந்தப் பக்கம் திருப்பி இலவசமாகப் படம் தரும். ஒரு ஊரில் முப்பது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்கெல்லாம் அந்த மணி அடிக்காது.

மழை நாளில் இன்னொரு தொல்லை, மேகம். சென்டினல்-2, லேண்ட்சாட் எல்லாம் வெளிச்சத்தில் எடுப்பவை, புயல் நேரத்தில் எடுத்த படத்தைத் திறந்தால் பஞ்சுப்பொதி தவிர வேறொன்றும் இருக்காது. அதற்குத்தான் ரேடார். அதே ஐரோப்பியர்களின் சென்டினல்-1 தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது, அதற்கு இரவு பகல் கிடையாது, மேகம் பொருட்டில்லை. அமைதியான நீர்ப்பரப்பில் பட்ட அலை கண்ணாடியில் பட்டது போல எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், செயற்கைக்கோளுக்கு ஒன்றும் திரும்பாது, அதனால் தண்ணீர் கறுப்பாக விழும். வெள்ளப் படம் போடுகிற எல்லோரும் செய்வது இதுதான்: திரும்பி வந்த அலையின் அளவை டெசிபலில் வரிசைப்படுத்தி, மைனஸ் 17, 18 பக்கம் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தண்ணீர் என்று நீலம் தீட்டுவது.

இந்தச் சூத்திரத்தை அப்படியே தனுஷ்கோடிக்குக் கொண்டுபோனால் வேடிக்கை. காய்ந்த, வழுவழுப்பான மணலும் ரேடாருக்குக் கறுப்பாகத்தான் தெரியும். காற்று அடித்து அலை எழும்பிய கடலோ வெளுப்பாகத் தெரியும். ஆக, படத்தில் மணல்திட்டு தண்ணீர் மாதிரியும் கடல் தரை மாதிரியும் இருக்கும். ஒரு கோடு போட்டு விட்டால் கம்பிப்பாடு முதல் அரிச்சல்முனை வரை அங்கங்கே ‘மூழ்கியது’ என்று நீலம் விழும், அதுவும் நல்ல வெயில் காய்ந்த மாசி மாதத்தில். அந்த மாசிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டால்தான் கார்த்திகைப் படத்தின் நீலத்தில் எது புதுசு என்று தெரியும். அதே செயற்கைக்கோள், அதே பாதை, அதே கோணம் இருக்க வேண்டும் என்பது வேறு கணக்கு. காலையில் ஒரு பக்கமிருந்து பார்த்ததையும் மாலையில் எதிர்ப்பக்கமிருந்து பார்த்ததையும் ஒப்பிட்டால் வேறுபாடு வந்துகொண்டேதான் இருக்கும்.

2024 நவம்பர் 20 நினைவிருக்கிறதா? ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று தீவும் கரையும் சேர்ந்து மிதந்தன. அந்த நேரத்தில் வானத்தில் வேலை செய்துகொண்டிருந்தது சென்டினல்-1 வரிசையில் ஒன்றே ஒன்று. இரண்டாவது 2021 டிசம்பரிலேயே பழுதாகிவிட்டது, மாற்றாக வந்த மூன்றாவது ஏவப்பட்டதே 2024 டிசம்பரில்தான். ஒன்று மட்டும் சுற்றினால் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள். தீவில் பாதி மணல், தண்ணீர் உறிஞ்சிவிடும், மீதி கடலுக்கு வடிந்துவிடும். 12 நாள் கழித்து வந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீர் படத்தில் இல்லவே இல்லை என்பதற்காக அது நிற்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சேதக் கணக்கெடுப்பில் ‘படத்தில் இல்லை’ என்பது மிக மோசமான வாதம், அதை நான் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

இப்போது கண்மாய்க்கு வருகிறேன், எனக்குப் பிடித்த தலைவலி இதுதான். எங்கள் பக்கக் கண்மாய்களில் பாதிக்கு மேல் சீமைக் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு ஊர் ஊராக மரம் பிடுங்கினார்களே, பிடுங்கிய இடத்தில் விதை கிடந்து மறுபடி முளைத்தாயிற்று. கருவேலம் அடைத்த கண்மாய் நிறைந்தால் வெளிச்சப் படத்தில் பச்சையாக மட்டும் தெரியும், மேலே இலை, கீழே தண்ணீர். சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம், அது கருவேலத்தின் சின்ன இலையிலும் முள்ளுக் கிளையிலும் சிதறிவிடும். கொஞ்சம் உள்ளே போன அலையும் தண்ணீரில் பட்டு, தண்டில் பட்டு, இரட்டைத் துள்ளலாகத் திரும்பி வந்து அந்த இடத்தை முன்பைவிட வெளுப்பாகக் காட்டும். சூத்திரப்படி வெளுப்பு என்றால் தரை. விளைவு என்னவென்றால், நிறைந்து மறுகால் போகிற, அதாவது உபரி நீர் வழிந்து ஓடுகிற, கண்மாயைக் கணினி ‘காய்ந்தது’ என்று எழுதுகிறது, பக்கத்தில் மழைத் தண்ணீர் நிற்கிற காலி மனைகளை ‘வெள்ளம்’ என்று எழுதுகிறது. மடை திறக்கிற பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தவர், “ஏப்பா, இந்தக் கரைக்குக் கிழக்க கழுத்தளவு தண்ணி நிக்கிது, உன் மிஷினு காஞ்சு கெடக்குங்குது. இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?” என்றார். அவர் விரல் வைத்த இடத்தில் முந்தின வருடங்களின் கார்த்திகைப் படங்களை அடுக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: கண்மாய் காய்ந்த வருடங்களில் அந்த இடம் மங்கல், நிறைந்த வருடங்களில் பளிச்சென்று வெளுப்பு. இந்தக் கண்மாய்க்கு மட்டும் விதியைத் தலைகீழாகப் போட வேண்டும். ஆனால் எந்த வருடம் நிறைந்தது, எந்த வருடம் காய்ந்தது என்று சொல்ல அந்தப் பெரியவர் வேண்டும்.

கருவேலம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது இங்கே பெரிய தொழில், வெட்டின இடம் சில வருடத்தில் மறுபடி அடைத்துவிடும், மறுபடி வெட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சை நடுவே பழுப்புத் துண்டு, அதற்குள் கறுப்பாக மூட்டம் போட்ட வட்டம். வெளியூரில் உட்கார்ந்து ‘காடழிப்பு’ வரைபடம் தயாரிக்கிறவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம் வருடா வருடம் காட்டை இழந்துகொண்டும் வருடா வருடம் அதே காட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டும் இருக்கும் ஓர் அதிசய பூமி.

விவசாயத்தில்தான் இது வெறும் வேடிக்கையாக இல்லாமல் காசு விஷயமாகிறது. பேரிடர் நிவாரண விதிப்படி பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் இடுபொருள் மானியம். காப்பீட்டிலும் செயற்கைக்கோள் கணக்கு உள்ளே வந்துவிட்டது. வந்தது நல்லதுதான், கிராமத்துக்கு நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து ஊருக்கே மகசூல் எழுதுகிற முறையில் என்னென்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெல்லை வானத்திலிருந்து அடையாளம் காண்கிற முறை பெரும்பாலும் நடவு வயலுக்கு ஏற்றது. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டுவார்கள், ரேடாரில் ஒரு பள்ளம் விழும், பிறகு பயிர் வளர வளர மேலே ஏறும், அந்த வளைவைப் பார்த்து ‘இது நெல்’ என்று சொல்லலாம். தஞ்சாவூர்ப் பக்கம் அழகாக வேலை செய்யும். நாங்கள் போடுவது புழுதி விதைப்பு. புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். தண்ணீர் கட்டுவதே இல்லை, அதனால் அந்தப் பள்ளமும் இல்லை.

முதுகுளத்தூர்ப் பக்கம் எனக்கு மாமா முறை ஆகிறவர் ஒருவர், முளைத்த பயிர் மழை இடைவெளியில் கருகிப் போனது, பிறகு தாமதமாக மழை வந்ததும் வயல் முழுக்கக் கோரையும் புல்லும் கிளம்பிவிட்டது. இலைப் பச்சையை அளக்கிற குறியீடு ஒன்று உண்டு, பச்சை இலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் என்பதை வைத்துப் போடும் கணக்கு. அதற்கு நெல்லும் ஒன்றுதான், கோரையும் ஒன்றுதான். காப்பீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் ‘பயிர் நிலை திருப்தி’ என்று எழுதிவிட்டார்கள். மாமா போனில், “மாப்ளே, மேல இருந்து பாத்தா கோரை கூட கதிரு மாதிரி தெரியுமோ?” என்று கேட்டார். சிரிப்பில்லை, நிஜமாகவே கேட்டார். தெரியும் மாமா, என்றேன். நல்ல வருடத்துப் புரட்டாசி முதல் தை வரை அந்த வயல் எந்த வாரம் எவ்வளவு பச்சையாகும் என்ற வளைவை அடியில் போட்டுப் பார்த்தால் கோரை காட்டிக்கொடுத்துவிடும்: நெல் தையில் பழுத்து மஞ்சளாக இறங்க வேண்டும், கோரை ஈரம் இருக்கிற வரை பச்சையாகவே நிற்கும். ஒரு படத்தில் தெரியாதது வரிசையில் தெரியும். அந்த வரிசையைப் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். யாரும் போடவில்லை.

மிளகாய் இதற்கு நேர் எதிர். முண்டு மிளகாய்க் கொல்லையில் தண்ணீர் தேங்கினால் அன்றைக்கு எடுத்த படத்திலும் செடி பச்சைதான். வேர் அழுகி, இலை சுருண்டு, செடி சாவதற்குச் சில நாட்கள் எடுக்கும். அவசரமாக ‘பின்’ படம் எடுத்தால் சேதம் பூஜ்யம். 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாய்ந்த தென்னைகளும் இப்படித்தான், படுத்துக்கிடந்த மரத்தின் மட்டை உடனே காயாது, முதல் வாரப் படத்தில் தோப்பு பச்சையாகவே இருக்கும்.

கடற்கரைக்கு வருவோம். தனுஷ்கோடியின் ‘முன்’ படத்தை எல்லோரும் கேட்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது, பாம்பனிலிருந்து போன ரயிலையே நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடல் இழுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு அரசாங்கம் அந்த ஊரை ஆள் வசிக்கத் தகுதியற்றது என்று அறிவித்தது. முதல் லேண்ட்சாட் ஏவப்பட்டது 1972 ஜூலை 23. ஊர் போய் ஏழரை வருடம் கழித்து. அதனால் லேண்ட்சாட் வரிசையில் தனுஷ்கோடி என்றைக்குமே ‘பின்’தான். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் பழைய சர்வே வரைபடம், இல்லையென்றால் 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவு செயற்கைக்கோள்கள் பிலிமில் எடுத்துப் பாராசூட்டில் இறக்கிய படங்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை 1995-ல் ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் நம் கரைக்கு மேகமில்லாத துண்டைத் தேடுவது ஒரு தனிப் பைத்தியம், அந்தப் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் உண்டு.

2017-ல் அரிச்சல்முனைக்குச் சாலை திறந்த பிறகு அந்த முனையின் படம் இணையத்தில் ரொம்பப் பிரபலம். ஒரு படத்தில் மணல் நாக்கு நீளமாக இருக்கும், இன்னொன்றில் வளைந்து குட்டையாக இருக்கும், நடுவே ‘கடல் விழுங்குகிறது’ என்று ஒரு அம்புக்குறி. தேதியைப் பார்த்தால் ஒன்று ஆடி, ஒன்று தை. தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காலத்தில் தெற்கு கொந்தளிக்கும், வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடைக் காலத்தில் வடக்கு. நீரோட்டமும் அப்படியே திசை மாற்றும், முனையில் இருக்கிற மணல் அதோடு இங்கும் அங்கும் நகரும். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம் அந்த இரண்டு படத்தையும் காட்டினால், “தம்பி, முனை வாடையில ஒரு பக்கம் படுக்கும், கச்சான்ல மறுபக்கம் படுக்கும். இதப் போயி படம் புடிச்சு வச்சிருக்கீக” என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஒப்பிட வேண்டுமென்றால் தைக்குத் தை, ஆடிக்கு ஆடி ஒப்பிட வேண்டும், அதுவும் ஒரு இருபது முப்பது வருடத்துக்கு. சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து இந்தியக் கரை முழுக்கச் செய்தது அந்த மாதிரி வேலைதான், கரையில் 33.6 சதவீதம் அரிக்கப்படுகிறது, 26.9 சதவீதம் வளர்கிறது, மீதி நிலையாக இருக்கிறது என்று வந்தது. வளர்கிற அந்தக் கால்பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது செய்தியாகாது போல.

அரிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் மூழ்கியே போய்விட்டன, பவளப்பாறையை வெட்டி எடுத்த பாவம் அதில் பெரும்பங்கு. ஆனால் ஒரு எக்டர் கூடத் தேறாத தீவு லேண்ட்சாட்டில் பத்துப் புள்ளி, ஓரத்துப் புள்ளியெல்லாம் பாதி நீர் பாதி மணல். அது எந்த வருடம் மறைந்தது என்று படத்தை வைத்துத் துல்லியமாகச் சொல்வதாக யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். மூழ்கியதை அளக்க இப்போது வேறு வழி வந்திருக்கிறது: ஐஸ்சாட்-2 என்ற அமெரிக்க செயற்கைக்கோளின் பச்சை லேசர் ஆழமில்லாத நீரைத் துளைத்து அடித்தரை வரை போய்த் திரும்பும், அதை வைத்து இஸ்ரோ விஞ்ஞானிகள் 2024-ல் தனுஷ்கோடி – தலைமன்னார் இடையிலான 29 கிலோமீட்டர் ராமர் பாலத்தின் நீரடி வரைபடத்தை வெளியிட்டார்கள், அதில் 99.98 சதவீதம் தண்ணீருக்குள் இருக்கிறது. நான் எதிர்பார்ப்பது அரசியல் எதுவும் இல்லை, அதே லேசரை இந்தத் தீவுகளைச் சுற்றியும் யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் எந்த ஊர் போகும்’ என்று வருகிற வண்ண வரைபடங்களில் பல, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த உயரக் கணக்கை அடிப்படையாக வைத்தவை. அதன் பிழையே சில மீட்டர். எங்கள் கரையின் உயரமே சில மீட்டர். போதாக்குறைக்கு, மரம் அடர்ந்த இடத்தில் அது மர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். ஆகக் கருவேலம் மண்டிய பள்ளம் மேடாகவும், மரமில்லாத மேட்டுத்தெரு பள்ளமாகவும் ஆகிவிடும். அந்த வரைபடத்தைப் பார்த்து மனை வாங்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

படகு, வலை, எஞ்சின் இவற்றைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை, ஏனென்றால் எழுத ஒன்றுமில்லை. கரையில் ஒன்றோடொன்று மோதி உடைந்த நாட்டுப்படகு இலவசப் படங்களில் தெரியாது, அறுந்து போன வலை எந்தப் படத்திலும் தெரியாது. மீனவருக்குப் புயலில் போவது பெரும்பாலும் இவைதான். வீட்டுக்கூரை விஷயத்தில் நல்ல தெளிவான படம் இருந்தால் தார்ப்பாய் போட்ட வீடுகளை எண்ணிச் சேதத்தை மதிப்பிடுகிற பழக்கம் உலகம் முழுக்க உண்டு, நம் கடற்கரைக் குப்பங்களில் புயல் இல்லாத நாளிலேயே எத்தனை கூரையில் தார்ப்பாய் கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

சொந்த ஊருக்கு நீங்களே பார்க்க வேண்டுமென்றால் கோபர்நிகஸ் பிரவுசர் என்று தேடுங்கள், கணக்குத் தொடங்கினால் போதும், காசு இல்லை. சென்டினல்-1-ஐத் தேர்ந்தெடுத்து உங்கள் ஊரைப் பெரிதாக்குங்கள். பெரிய கோப்பு எதையும் இறக்க வேண்டியதில்லை, போனிலேயே ஓடும், கொஞ்சம் திணறும். முந்தின நாலைந்து வருடக் கார்த்திகையை முதலில் பாருங்கள், அதற்கப்புறம் இந்த வருடத்தைத் திறங்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோளின் ஒரு ரேடாருக்கு அலைநீளம் 24 சென்டிமீட்டர், அது இலை கிளையை அவ்வளவாகச் சட்டை செய்யாது, கருவேலத்துக்கு அடியில் நிற்கிற தண்ணீரை அதில்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்று காத்திருக்கிறேன். ஆனால் அதையும் சரிபார்க்கத் தரையில் ஒரு தேதி வேண்டும். பொதுப்பணித்துறைக் கண்மாய்களுக்காவது எங்கேயாவது ஒரு பதிவேடு இருக்கும், ஊராட்சிக் கண்மாய்க்கு ஊர்ப் பெரியவர்களின் நினைவுதான் பதிவேடு.

அதனால் ஒரு உதவி. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், காஞ்சிரங்குளம், சித்திரங்குடி, ஆர்.எஸ். மங்கலம், அல்லது பெயரே யாருக்கும் தெரியாத உங்கள் ஊர்க் கண்மாய், எதுவானாலும் சரி, 2015-க்கு அப்புறம் எந்த வருடம் எந்த மாதம் நிறைந்தது, மறுகால் போனதா, எப்போது மடை திறந்தார்கள், எப்போது கருவேலம் வெட்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். நாள் சரியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை, “தீபாவளிக்கு நாலு நாள் கழிச்சு”, “சந்தனக்கூடு முடிஞ்ச வாரம்” என்ற மாதிரி இருந்தாலும் போதும், தேதியை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். வயல் என்றால் புல எண்ணும் விதைத்த மாதமும் வேண்டும். கண்மாய் நிறைந்தபோது கரையில் நின்று எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது, கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் தண்ணீர் தெரிந்தாலும் சரி.